முதல் மணிக்கூட்டைக் கழற்ற முன்

மணிக்கூடு திருத்தப் பழகுவதைப் பற்றரி மணிக்கூட்டில் தொடங்க வேண்டாம். கையால் சாவி கொடுக்கிற பழைய மணிக்கூடு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். ஓடாததென்றாலும் சரி, ஆனால் பெரியதாக இருக்கட்டும். வெளிநாட்டுப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் பழகுகிற யுனிடாஸ் 6497 இயந்திரம் 36.6 மில்லிமீற்றர் அகலம். அதுவே முதலில் சின்னதாகத்தான் தெரியும்.

கதிரையில் இருந்தால் மேசை நெஞ்சு மட்டத்துக்கு வரவேண்டும். முழங்கையை ஊன்றினால்தான் விரல் நடுங்காது. மேசை விளிம்பில் ஒரு துணியைக் கட்டி மறுமுனையை இடுப்பில் செருகுங்கள். விழுகிற திருகாணி அதில் நிற்கும், சீமெந்துத் தரையில் தேடத் தேவையில்லை.

வன்னியில் பெரிய எதிரி புழுதி. சோளகம் அடிக்கிற ஆனி, ஆடியில் வீதியோரக் கடையென்றால் காலையிலேயே வேலையை முடிப்பது புத்தி. ஃபானை நிற்பாட்டுங்கள். கழற்றியவற்றைக் கண்ணாடிக் குவளையால் கவிழ்த்து மூடுங்கள். வியர்த்த விரல் பட்ட உருக்குத் துண்டில் துரு பிடிக்கும். இடுக்கியால் தொடுங்கள், அல்லது விரலுறை போடுங்கள்.

ஸ்குறூ றைவர் அலகின் அகலம் திருகாணிப் பிளவின் நீளத்துக்குச் சரியாக இருக்கட்டும். 0.8, 1.0, 1.2, 1.6 மில்லிமீற்றர் நான்கும் ஆரம்பத்துக்குக் காணும். ஒடுங்கின அலகு வழுக்கித் தகட்டைக் கீறும். சாவிப் பக்கச் சில்லின் திருகாணி பல மணிக்கூடுகளில் இடப்புரி, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இறுக்கமாக இருக்கிறதென்று வழமைபோல் திருப்பினால் தலை முறிந்துவிடும்.

இனி முக்கியமான இடம். எதையும் கழற்ற முன், மணிக்கூட்டை ஓட்டுகிற மெயின் ஸ்பிரிங்கின் விசையை இறக்குங்கள். சாவியைக் கொஞ்சம் முன்னுக்குத் திருப்பி இறுக்கிப் பிடித்து, தடுப்புக் கொக்கியை விலக்கி, விரலிடுக்கில் சாவி மெல்ல மெல்லப் பின்னோக்கிச் சுழல விடுங்கள். இதை மறந்து, சில்லுகளை ஒவ்வொரு பல்லாகத் தடுத்து விடுகிற பலட்டைத் தூக்கினால் சில்லுகள் எல்லாம் ஒரேயடியாகச் சுழன்று பல்லோ அச்சு முனையோ போய்விடும். பழகுகிறவர்கள் மணிக்கூட்டைக் கொல்வது பெரும்பாலும் இப்படித்தான்.

பிறகு, இருபக்கமும் ஆடுகிற சில்லான பலன்ஸை அதைத் தாங்குகிற பாலத்தோடு சேர்த்தே தூக்குங்கள். அதன் மெல்லிய சுருளான ஹெயார் ஸ்பிரிங்கில் தொங்க விட்டு அலைய விடாதீர்கள். வளைந்த ஹெயார் ஸ்பிரிங்கை நேராக்குவது வேறொரு கல்வி. பலட், சில்லுகள், மெயின் ஸ்பிரிங் இருக்கிற பரல் அதன் பின்னர். ஒவ்வொரு படியிலும் ஃபோனால் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பலட்டை ஸ்பிரிற்றில் கழுவ வேண்டாம். கற்களைப் பிடித்திருக்கிற அரக்கு அதில் கரையும். லைற்றர் பெற்றோல் போதும்.

திரும்பப் பூட்டும்போது பலட் வைக்க முன் சாவியை ஒருசில பல் மட்டும் திருப்பிப் பாருங்கள். சில்லுகள் தடையின்றி ஓடி, நிற்கும்போது கொஞ்சம் பின்னுக்கு உதைத்தால் நல்லது. உதைக்காமல் சோர்ந்து நின்றால் எங்கோ அழுக்கோ வளைந்த அச்சோ இருக்கிறது, கழற்றித் தேடுங்கள். எண்ணெயை மேலும் விட்டு மறைக்கப் பார்த்தால், அச்சு முனை சுழல்கிற கல்லின் குழியில் அரைவாசிக்கு மேல் போன எண்ணெய் வழிந்து அச்சை வறட்சியாக விட்டுப் போய்விடும்.