கிறிஸ்துமஸ் வேலைகளில் சந்தோஷத்தைத் தொலைக்க வேண்டாம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்தாலே திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வேலை தலைக்கு மேல் வந்துவிடும். வெள்ளையடிக்க வேண்டும், ஸ்டார் கட்ட வேண்டும், துணி எடுக்க வேண்டும், பலகாரம் சுட வேண்டும். எல்லாம் முடித்துவிட்டு 25ஆம் தேதி விடியற்காலை ஆராதனையில் உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. 'மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி' வாசிக்கப்படும்போது மனம் மத்தியானப் பிரியாணியில் இருக்கிறது.

முதல் தவறு, சந்தோஷத்தைக் கடைசிக்குத் தள்ளிப்போடுவது. 'வேலையெல்லாம் முடியட்டும், அப்புறம் நிம்மதியாகக் கொண்டாடலாம்' என்று நினைத்தால் அந்த 'அப்புறம்' வரவே வராது. திருச்சபை அப்படிக் காத்திருக்கச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் மூன்றாவது, மகிழ்ச்சியின் ஞாயிறு. கத்தோலிக்க ஆலயங்களில் அன்று இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அந்த ஞாயிறுக்குப் பெயர் தந்ததே 'கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்ற பிலிப்பியர் 4:4 வசனம்தான். பவுல் அதை எழுதியபோது விலங்கோடு காவலில் இருந்தார். நிலைமை சரியான பிறகு எழுதிய வசனம் இல்லை அது.

டிசம்பரில் நேரமில்லை என்று முதலில் கைவிடப்படுவது குடும்ப ஜெபம்தான். அதை விடவே கூடாது. இயேசு பிறந்த கதை தொடங்கும் லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் 80 வசனங்கள். இரண்டாம் அதிகாரத்தில் மேய்ப்பர்கள் திரும்பிப் போகும்வரை 20. டிசம்பர் 1 முதல் நாளுக்கு நான்கு வசனம் வாசியுங்கள். 21ஆம் தேதி குடிமதிப்பு எழுதச் சொல்லும் அகுஸ்து ராயனின் கட்டளை வரும், 23ஆம் தேதி மேய்ப்பர்களிடம் தேவதூதன் வருவான், 25ஆம் தேதி மேய்ப்பர்கள் தேவனைத் துதித்துக்கொண்டே திரும்புவார்கள். ஐந்து நிமிஷம் போதும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. எல்லா வேலையையும் ஒருத்தர் தலையில் கட்டுவது. பெரும்பாலும் அந்தத் தலை அம்மாவுடையது. அச்சு முறுக்கையே பாருங்கள். அச்சு எண்ணெயில் கிடந்து சூடேற வேண்டும். மாவில் விளிம்புவரை முக்க வேண்டும், முழுக்க முங்கினால் முறுக்கு அச்சை விட்டு இறங்காது. ஒவ்வொன்றாகத்தான் சுட முடியும். 23ஆம் தேதி ராத்திரி தனியாக உட்கார்ந்து நூறு முறுக்கு சுடுபவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அதையே பத்து நாள் முன்னால், ஒருவர் முக்கிப் போட, ஒருவர் எடுத்து வடிய வைக்க, பிள்ளைகள் ஆறியதை டின்னில் அடுக்க என்று செய்தால் அந்தச் சாயங்காலமே ஒரு பண்டிகை. டின்னில் காற்றுப் புகாவிட்டால் மொறுமொறுப்பும் போகாது.

வீட்டுக்கு வந்த இயேசுவின் காலடியில் தங்கை மரியாள் உட்கார்ந்திருக்க, பணிவிடை வேலையில் அலைந்த மார்த்தாளிடம் அவர் சொன்ன 'மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்' என்ற வசனத்தை அடுப்படியில் நிற்பவருக்குப் பிரசங்கமாகச் சொல்லாதீர்கள். முதலில் அவர் கையிலிருக்கும் கரண்டியை வாங்குங்கள். அவர் வந்து உட்கார வழி பிறக்கும்.

கடன் வாங்கிப் புதுத்துணி எடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக் குடிலைப் பார்த்து நம் குடிலைப் பெரிதாக்கவும் வேண்டாம். ஜனவரியில் வட்டி கட்டும்போது அந்த மினுமினுப்பு எதுவும் கூட வராது.

அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் 'பண்டிகையும் அதுவுமா அழாதீங்க' என்று சொல்வதும் தவறு. கர்த்தருக்குள் சந்தோஷப்படுகிறவர்கள் அழக்கூடாது என்று எங்கும் எழுதியில்லை. நண்பன் லாசரு இறந்தபோது இயேசுவே கண்ணீர் விட்டார். அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோங்கள், கூட உட்காருங்கள்.

25ஆம் தேதியோடு எல்லாம் முடிந்துவிடுவதாக நினைப்பதும் பாரத்தைக் கூட்டுகிறது. சபையின் பழைய வழக்கப்படி கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி பன்னிரண்டு நாள்; ஜனவரி 6, ஞானிகள் வந்த திருநாள். பலகாரத் தட்டு அன்றைக்கே எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டுமென்று வெயிலில் ஓட வேண்டாம். 27, 28இல் போங்கள், உட்கார்ந்து பேசவும் நேரம் கிடைக்கும்.