பழைய 124 பென்ஸ் கன்வர்ட்டிபிளுக்கு சஸ்பென்ஷன் மாற்றும்போது

கூரை திறக்கும் காருக்கு ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங்கும், மூட்டுகளில் மெத்தை மாதிரி இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாகக் கடினமான பொலியூரித்தேன் புஷ்ஷும் போடச் சொல்லி யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மேலே இரும்புக் கூரை இல்லாத காரின் பொடி (உடல்), கம்பனிக்காரன் அடியில் எவ்வளவுதான் தகடு வைத்துப் பலப்படுத்தியிருந்தாலும், பள்ளத்தில் விழும்போது கொஞ்சம் முறுகத்தான் செய்யும். அந்த அடியை ரப்பரும் சொக்கும் (ஷாக் அப்சோபர்) வாங்க வேண்டும், அவை வாங்காவிட்டால் கதவும் முன்கண்ணாடிச் சட்டமும்தான் வாங்கும். அதனால் கார் வந்தபோது இருந்த அதே மென்மையைத் திருப்பிக் கொடுப்பதுதான் வேலை. 1991 முதல் 1997 வரை வந்த 124 கன்வர்ட்டிபிளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எது போயிருக்கிறது என்று பாருங்கள். சொக்கில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் அது முடிந்தது. முன் ஆம் (சில்லைப் பொடியோடு இணைக்கும் இரும்புக் கை) புஷ்களை டோர்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் வெடித்திருப்பது தெரியும். கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் கடலுக்குக் கிட்ட நிற்கும் கார் என்றால் உப்புக்காற்று போல்ட்டுகளை இறுக்கிப் பிடித்திருக்கும், வேலைக்கு இரண்டு நாள் முன்னமே துருவிளக்கி எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். சாமானுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை போகலாம், ஆனால் கழட்டிய பழைய ரப்பர், பழைய சொக் எதையும் அங்கே வாங்காதீர்கள். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் வயது போகும். முன் ஆம் புஷ்ஷும் போல் ஜொயின்டும் பூட்டியபடி முழுசாகவே வரும், கொஞ்சம் காசு கூடினாலும் அதுதான் நல்லது, புஷ்ஷை அழுத்தி ஏற்றும் பிரஸ் தேடி அலையத் தேவையில்லை.

எங்கள் பக்க மணல் தரையில் ஜக் வைக்கவே வேண்டாம், சீமெந்துத் தரை வேண்டும். கூரையை மூடிக் கொக்கி போட்டு, கதவுகளையும் சாத்திவிட்டு, இரண்டு பக்கத்தையும் சமமாகத் தூக்கி ஸ்டாண்டில் இருத்துங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு கதவைத் திறந்து மூடக் கூடாது.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இந்தக் காரில் முன் ஸ்பிரிங் சொக்கைச் சுற்றி இல்லை, ஆமுக்கும் பொடிக்கும் நடுவே தனியாக நசுங்கி நிற்கிறது. சில்லு தொங்கும்போது ஆம் கீழே போகாமல் பிடித்துக்கொண்டிருப்பது சொக்தான். மேலே பொனட்டுக்குள் இருக்கும் சொக் நட்டைச் சும்மா கழட்டினால் ஸ்பிரிங் ஆமை அடித்துக் கீழே தள்ளிவிடும், கை இருந்தால் கையும் போகும். ஆமுக்கு அடியில் ஜக்கைக் கொடுத்துத் தாங்கிய பிறகே சொக்கில் கை வையுங்கள். ஸ்பிரிங்கையே எடுப்பதென்றால் ஸ்பிரிங்குக்கு உள்ளே விட்டு அதை நசுக்கிப் பிடிக்கும் பென்ஸ் ஸ்பிரிங் கொம்பிரசர் வேண்டும். கடையில் விற்கும் இரண்டு கொக்கிச் சாமான் இதற்கு ஆகாது, அந்தக் கருவி இல்லாத கராஜில் ஸ்பிரிங்கைத் தொட விடாதீர்கள்.

ஸ்பிரிங் தலையில் இருக்கும் ரப்பர் வட்டைத் துடைத்துப் பாருங்கள், ஓரத்தில் சின்னப் புடைப்புகள் இருக்கும். ஒரு புடைப்பு என்றால் 8 மில்லிமீட்டர் தடிப்பு, நான்கு என்றால் 23. கழட்டியதில் எத்தனையோ அத்தனை உள்ளதையே வாங்குங்கள், மாறினால் கார் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். ஆமின் உள் போல்ட்டுகள் மையம் விலகியவை, அவற்றைத் திருப்பித்தான் சில்லுச் சரிவைச் சரி செய்வது. அவை நின்ற இடத்தில் கோடு கீறிவிட்டுக் கழட்டுங்கள்.

பின்பக்கம் ஒவ்வொரு சில்லுக்கும் ஐந்து ஆம். ஸ்பிரிங் இருக்கும் ஆமின் அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழட்டினால் மணலும் ஈரமும் கொட்டும், அதற்குள்தான் இரும்பு துருப்பிடித்துத் தின்னப்படுகிறது. சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சு அடிக்காமல் புதுச் சாமான் பூட்டுவதில் அர்த்தமே இல்லை.

பூட்டும்போது அநேகமான கராஜ்களில் நடக்கிற பிழை ஒன்று இருக்கிறது. கார் அந்தரத்தில் தொங்கும்போதே புஷ் போல்ட்டுகளை முழுசாக இறுக்கிவிடுவார்கள். புஷ் ரப்பர் வழுக்கிச் சுற்றுவதில்லை, முறுகித்தான் திரும்பும். தொங்கிய நிலையில் இறுக்கினால் கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் அது முறுகியே இருக்கும், புதுப் புஷ் சீக்கிரமே கிழியும். கையிறுக்கமாக விட்டு, சில்லைப் பூட்டி, தரையில் இறக்கி, முன்னும் பின்னும் நாலு தரம் அமுக்கி ஆட்டிவிட்டுப் பிறகுதான் கடைசி இறுக்கு. கராஜ் குழியில் இறங்கி இறுக்கலாம், அல்லது சில்லுகளைச் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்தலாம். சில்லு போல்ட்டுக்கு 110 நியூட்டன் மீட்டர், மற்றதெல்லாம் வேர்க்‌ஷொப் புத்தகத்தைப் பார்த்துத்தான்.

சில்லுக் கோணங்களைச் சரிபார்க்கும் அலைன்மென்டுக்கு உடனே ஓடாதீர்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும். திருகோணமலை ரோட்டிலோ பொத்துவில் பக்கமோ ஒரு நீண்ட ஓட்டம் ஓடி, போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்து, நாலு டயருக்கும் காற்றைச் சரிபார்த்த பிறகு கொண்டுபோய்க் கொடுங்கள். முன்சில்லு மட்டும் பார்த்தால் போதும் என்று சொன்னால் விடாதீர்கள், பின் ஆம்களையும் மாற்றியிருந்தால் நாலு சில்லுக்கும் அளவு எடுக்கச் சொல்ல வேண்டும்.