தசையின் ஆக்ஸிஜன் கணக்கு: அளக்கும்போது தவறுகிற இடங்கள்

பொள்ளாச்சிப் பக்கத்துக் கபடிப் பையன் ஒருவன் கோவையில் எங்களிடம் தொடைத் தசையைச் சோதிக்க வந்திருந்தான். தொடையில் சுற்றிய அழுத்தப் பட்டையில் காற்று ஏறியதும், "கால் மரத்துப் போகுதுங்கண்ணா" என்றான். பாவம் பார்த்து அழுத்தத்தைக் குறைத்துவிட்டேன். அன்றைக்கு எடுத்த அளவு முழுக்க வீண்.

அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தோல் வழியே அனுப்பி, தசைக்குள் ஆக்ஸிஜன் ஏறி இறங்குவதைப் பார்த்து, அதைப் பயன்படுத்தும் தசையின் திறனைக் கணக்கிடுகிற சோதனை இது. ஊற்று சுரந்துகொண்டே இருக்கிற கிணற்றில் மோட்டார் எவ்வளவு இறைத்தது என்று நீர்மட்டத்தை வைத்துச் சொல்ல முடியுமா? ரத்தமும் அப்படித்தான். ரத்தம் வருவதை முழுசாக அடைத்தால்தான், ஆக்ஸிஜன் இறங்குகிற வேகம் தசை செலவழித்த வேகமாகும். தொடைக்கு 250 முதல் 300 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தேவைப்படும். குறைந்தால் சிரை மட்டும் அடைபடும். தமனி வழியே ரத்தம் வந்து தேங்கும். திரையில், அங்கே உள்ள ரத்தத்தின் அளவைக் காட்டுகிற மொத்த ஹீமோகுளோபின் கோடு விடாமல் ஏறினால், அந்த அளவை நம்பாதீர்கள். கையால் அழுத்துகிற பம்பும் உதவாது, பட்டை சட்டென்று நிரம்ப வேண்டும்.

அடுத்த தவறு, தசையைக் களைத்துப் போகும்வரை வேலை வாங்குவது. பத்துப் பதினைந்து விநாடி போதும். அதற்கு மேல் போனால் அமிலம் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் பட்டையை 5 முதல் 10 விநாடி இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்குகிறோம். தசையின் ஆக்ஸிஜன் செலவு ஓய்வுநிலைக்கு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய விடை. திரையில் தெரிகிற சதவீதம் அல்ல.

கொழுப்பையும் மறக்கக்கூடாது. ஒளி அனுப்புகிற இடத்துக்கும் வாங்குகிற இடத்துக்கும் 3 செ.மீ. இடைவெளி என்றால், ஒளி எட்டுகிற ஆழம் ஏறக்குறைய 1.5 செ.மீ.தான். தோலடிக் கொழுப்பே அவ்வளவு இருந்தால் தசையை எங்கே அளப்பது? இடுக்கியால் தோல்மடிப்பைப் பிடித்து அளந்து, பாதியாக்கிக்கொள்ளுங்கள். மடிப்பில் இரண்டு அடுக்கு இருக்கிறது.

அப்புறம், டிரெட்மில்லில் எடுக்கும் விஓ2 மேக்ஸ், அதாவது முழு உடலும் அதிகபட்சமாகப் பயன்படுத்தும் ஆக்ஸிஜனின் அளவு. அதில் இதயம், நுரையீரல், ரத்தம் எல்லாம் சேர்ந்திருக்கிறது. அதைத் தசையின் திறன் என்று எழுதாதீர்கள்.

அடுத்த வாரம் அந்தப் பையனை மறுபடி வரச் சொன்னேன். "பத்து செகண்டு தாங்கிக்கோ தம்பி, உடனே விட்டுடறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பட்டையைச் சுற்றினேன். அவனும் அசையவில்லை, நானும் அழுத்தத்தில் கைவைக்கவில்லை.