போல்ட் ரைஃபிளில் ரவுண்டு சிக்கினால் பிளையரைத் தேடாதீர்கள்

ரவுண்டை, அதாவது தோட்டாவை, குழலுக்குள் ஏற்ற ரைஃபிளின் போல்ட் எனும் தள்ளுதண்டைத் தள்ளுகிறீர்கள், பாதி வழியில் நின்றுவிடுகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இன்னும் இறுகுகிறது. த்ரீ நாட் த்ரீ எனப்படும் பழைய லீ என்ஃபீல்டைக் கையாண்ட பலருக்கும் இது பழகிய கதைதான். உடனே ‘ஸ்பிரிங் போச்சு’, ‘மேகசின் (தோட்டாப் பெட்டி) வாய் விரிஞ்சுபோச்சு’ என்று முடிவுகட்டிவிடுவோம். பல நேரங்களில் தப்பு ரைஃபிளில் இல்லை, ரவுண்டை அடுக்கிய கையில் இருக்கிறது.

.303 தோட்டாவின் அடியில் அதன் உலோகக் குப்பியைவிட அகலமான விளிம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். மேகசினுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, மேலே உள்ள ரவுண்டின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்துவிட்டால், போல்ட் மேல் ரவுண்டைத் தள்ளும்போது அது கீழ் ரவுண்டின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தே நகரப் பார்க்கும், நகர முடியாது. இந்த மாட்டலுக்கு ‘ரிம் லாக்’ என்று பெயர். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்படும் .315 வேட்டை ரைஃபிளின் தோட்டாவும் விளிம்பு வைத்ததுதான். ஆகவே லைசென்ஸ் வைத்து அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே விதிதான்.

இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. உள்ளங்கையால் போல்ட்டை ஓங்கித் தட்டுகிறார்கள். தட்டத் தட்ட விளிம்பு நசுங்கும், முனையிலுள்ள குண்டு குப்பிக்குள் அமுங்கும், நாளைக்கு அந்த ரவுண்டு வேறு வம்பு பண்ணும். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விரலை டிரிகருக்கு வெளியே எடுத்து, போல்ட்டைப் பின்னுக்கு இழுங்கள். மேகசினைக் கழற்றி ரவுண்டுகளை வெளியே எடுத்து மறுபடி அடுக்குங்கள். குழலின் பின்பக்கத்தில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணாலும் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

சரி, ஒழுங்காக அடுக்கியும் சிக்குகிறதா? அப்போது கேட்க வேண்டிய கேள்வி, ரவுண்டு எங்கே நிற்கிறது என்பது. குண்டின் மூக்கு சேம்பரின் கீழ் ஓரத்தில் முட்டி நிற்கிறதா, போல்ட் ரவுண்டைத் தொடாமலே மேலே தாண்டிப் போகிறதா, அல்லது ரவுண்டு சேம்பருக்குள் போய்விட்டது, போல்ட் கைப்பிடி மட்டும் கீழே இறங்க மறுக்கிறதா? மூன்றும் மூன்று நோய். கடைசியாகச் சொன்னது மேகசின் கோளாறே இல்லை. சேம்பரில் அழுக்கு இருக்கலாம், தோட்டா நெளிந்திருக்கலாம். அதற்கு மேகசினை நோண்டி என்ன பயன்?

முதல் இரண்டுக்கும் ஒரு சுலபமான சோதனை உண்டு. மருந்தில்லாத டம்மி ரவுண்டுகளைப் போட்டு, ஒரு கையால் மேகசினை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்ட்டை ஓட்டிப் பாருங்கள். இப்போது சுகமாக ஏறினால், மேகசின் தன் இடத்தில் சரியாகப் பூட்டவில்லை, கொக்கி தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அழுத்தியும் மாறவில்லை என்றால்தான் ஸ்பிரிங், ரவுண்டுகளைத் தாங்கும் தட்டு, வாய் என்று போக வேண்டும். நிஜ ரவுண்டை வைத்து வீட்டுக் கூடத்தில் இந்தச் சோதனை செய்கிறவர்களை என்ன சொல்வது!

போல்ட்டைத் தயங்கித் தயங்கி இழுப்பதும் ஒரு தவறு. முழுக்கப் பின்னால் வராத போல்ட், அடுத்த ரவுண்டின் அடியைப் பிடிக்காமல் தாண்டிவிடும். மாசர் 98 போன்ற ரைஃபிளில் ரவுண்டு மேகசினிலிருந்து எழும்போதே, குப்பியை வெளியே இழுக்கும் போல்ட்டின் நகம் அதன் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். என்ஃபீல்டில் அப்படியில்லை. போல்ட் முழுக்க மூடும்போதுதான் நகம் விளிம்பைத் தாண்டிப் பிடிக்கும். ஆகவே பாதி தள்ளிவிட்டு மனம் மாறிப் பின்னுக்கு இழுத்தால், முதல் ரவுண்டு சேம்பரிலேயே தங்கிவிடும். இரண்டாவதன் கூர்முனை முதலாவதன் பின்பக்கத்தில், அதாவது அடிபட்டால் பற்றிக்கொள்ளும் பிரைமர் இருக்கும் இடத்தில், போய் இடிக்கும். சிக்கல் என்பதைத் தாண்டி ஆபத்து.

அடுத்தது மேகசினை மாற்றிப் போடுவது. கழற்ற முடிகிறது என்பதற்காக எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் உதிரி மேகசின்களைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை. ஐந்தைந்து ரவுண்டாகக் கோத்த சார்ஜர் கிளிப்பைத்தான் மேலிருந்து அழுத்தி நிரப்பினார்கள். மேகசின் அந்தந்த ரைஃபிளுக்கென்று பொருத்தப்பட்டது. இன்னொரு ரைஃபிளின் மேகசின் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் ரவுண்டு ஏறும் என்று உத்தரவாதமில்லை. இஷாப்பூரின் 2ஏ ரகம் பார்க்க என்ஃபீல்டு போலவே இருந்தாலும் அது 7.62 தோட்டாவுக்கானது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எண்ணெய் விஷயத்தில் தாராளம் வேண்டாம். மேகசினுக்குள் ஊற்றிய எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். சேம்பரிலும் தோட்டாவிலும் எண்ணெய் இருந்தால், சுடும்போது குப்பி சேம்பர் சுவரைப் பிடிக்காமல் போல்ட்டின்மேல் கூடுதல் அழுத்தம் விழும். சுடுவதற்கு முன் சேம்பரை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

கடைசியாகப் பிளையர். மேகசின் வாயின் வளைவு உண்மையிலேயே கெட்டிருக்கலாம், அதைச் சரிசெய்யவும் முடியும். துப்பாக்கி பழுதுபார்ப்பதில் அனுபவமுள்ள ஆர்மரர் மயிரிழை அளவு வளைப்பார், டம்மியைப் போட்டுப் பார்ப்பார், அப்புறம் இன்னொரு மயிரிழை. நாம் ஒரே திருகலில் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிவிடுவோம். பிறகு அதைத் திரும்ப வளைத்தால் தகடு விரிசல் விடும். தவிர, 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும். அந்த உரிமம் உள்ள கடைக்கு ரைஃபிளைக் கொண்டுபோகும்போது, ரவுண்டு எந்த இடத்தில் நிற்கிறது, எத்தனாவது ரவுண்டில் நிற்கிறது என்று எழுதியே கொண்டுபோங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.