வலி இல்லாத அழற்சியும் கருப்பைப் புற்றுநோயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழற்சி என்றதும் சிவந்து, வீங்கி, வலிக்கும் ஒன்றையே நினைத்துக்கொள்கிறோம். அடிவயிற்றில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அதனால் கருப்பைக்கும் ஒன்றுமில்லை என்று பல பெண்கள் இருந்துவிடுகிறார்கள். இதுதான் முதல் தவறு. கருப்பையின் உட்சவ்வில் வரும் புற்றுநோயோடு தொடர்புள்ள அழற்சி, வெளியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நீடிப்பது. அது பெரும்பாலும் கருப்பையில் தொடங்குவதும் இல்லை.

உடலில், முக்கியமாக வயிற்றுப் பகுதியில், மிகுதியாகச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களை ஓயாமல் ரத்தத்தில் கலக்கிறது. அவற்றால் இன்சுலின் சரியாக வேலை செய்ய முடியாமல் போக, உடல் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் உட்சவ்வின் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. அதே கொழுப்பில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி, சவ்வை வளரத் தூண்டும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனையும் உருவாக்குகிறது. அதைக் கட்டுப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை மாதவிடாய் நின்றபின் சினைப்பை சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்க ஆளில்லாமல் சவ்வு தடிக்கிறது; அதில் நாளடைவில் புற்றுநோய் உருவாகலாம். அழற்சி, இன்சுலின், ஹார்மோன் மூன்றும் இப்படிப் பின்னிக் கிடக்கின்றன.

இது புரியாமல் அழற்சியை மட்டும் துரத்துவது அடுத்த தவறு. ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற, அழற்சியின்போது உயரும் புரதத்தின் அளவைப் பார்த்துவிட்டு அஞ்சுவதிலோ நிம்மதி அடைவதிலோ பொருளில்லை. சாதாரணத் தொற்றுக்கும் ஈறு நோய்க்கும்கூட அது உயரும்; கருப்பையைப் பற்றி எதுவும் சொல்லாது. இந்தப் புற்றுநோயைத் தடுப்பதற்காக ஆஸ்பிரினையோ வலி மாத்திரைகளையோ தாமாக விழுங்குவது அதைவிட மோசம். ஆஸ்பிரின் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒருமித்து இல்லை. இரைப்பையில் ரத்தக்கசிவு வரக்கூடும் என்பதோ உறுதியாகத் தெரிந்தது. எடையைக் குறைப்பது, அன்றாடம் உடலை அசைப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஆகியவை அழற்சியின் ஊற்றையே தொடுகின்றன.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது, உதிரப்போக்கை அலட்சியம் செய்வது. இந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கு முதல் அறிகுறி அதுதான். நோய் தானே முன்வந்து சொல்கிறது, நாம்தான் கேட்பதில்லை. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் உள்ளாடையில் ஒரே ஒரு பழுப்புக் கறை, வெள்ளைப்படுதலில் லேசான இளஞ்சிவப்பு, இவ்வளவு போதும் மருத்துவரைப் பார்க்க. ‘மீண்டும் மாதவிடாய் வந்திருக்கிறது’ என்று காத்திருக்கக் கூடாது. அப்படி உதிரம் படுபவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்கும். ஆகவே பயந்து ஒளிந்துகொள்ளவும் தேவையில்லை. கருப்பைக்குள்ளேயே இருக்கும் நிலையில் கண்டுபிடித்தால் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள்.

பாப் ஸ்மியர் சரியாக வந்துவிட்டது என்று நம்பியிருப்பவர்களும் உண்டு. அது கருப்பை வாய்க்கான சோதனை; உட்சவ்வின் நோயைக் கண்டறிய அதை நம்ப முடியாது.

இளம் வயதினருக்கும் ஒரு சொல். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் மாதக்கணக்கில் மாதவிடாய் வராதபோது, தொல்லை விட்டது என்று இருந்துவிடாதீர்கள். கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் உருவாவதில்லை. சவ்வு தடித்துக்கொண்டே போகும். இதற்கு எளிய ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது.

ஒல்லியானவர்களுக்கு வராது என்பதும் தவறு. குடும்பத்தில் பலருக்குப் பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வரச் செய்யும் லின்ச் என்ற பரம்பரை மரபணுக் குறைபாடு, மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்சிஃபென் மாத்திரை இரண்டும் எடையைப் பார்க்காமல் இந்த ஆபத்தைக் கூட்டுபவை. டமாக்சிஃபெனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கறை கண்டால் உடனே தெரிவியுங்கள்.

மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஸ்கேனில் சவ்வு 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. ஆனாலும் உதிரம் மறுபடி பட்டால் பழைய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சமாதானம் அடையாதீர்கள். திரும்பப் போய்த் திசுப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.