பிடித்த வீடியோ சேனலுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பது எப்படி?

தனியாளாகவோ இரண்டு மூன்று பேராகவோ வீடியோ எடுத்துப் போடுகிறவர்களில் பலருக்கு விளம்பர வருமானம் மட்டும் கட்டுப்படியாவதில்லை. பார்க்கிறவர்கள் நேரடியாகக் கொடுப்பதை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். கொடுப்பது சுலபம். ஆனால் எந்த வழியில் கொடுக்கிறோமோ அதைப் பொறுத்து அவர் கைக்குப் போகும் தொகை மாறும். அந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுப்போம்.

1. சரியான இணைப்பைப் பிடியுங்கள்

சேனலின் முகப்புப் பக்கம், வீடியோவுக்குக் கீழே உள்ள விவரக் குறிப்பு, இந்த இரண்டு இடங்களில் அவரே கொடுத்திருக்கும் இணைப்பை மட்டும் நம்புங்கள். கமெண்டில் வரும் இணைப்பையோ ஃபோன் நம்பரையோ தொடவே வேண்டாம். சேனலின் பெயரையும் படத்தையும் அப்படியே போட்டுக்கொண்டு, "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, டெலிகிராமுக்கு வாங்க" என்று பதில் போடும் போலிகள் ஏராளம். சந்தேகம் வந்தால் அந்தப் பெயரைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே ஒரு வீடியோகூட இருக்காது.

2. ஒரு தடவையா, மாதாமாதமா?

என்னைக் கேட்டால், ஒரே தடவை பெரிதாகக் கொடுப்பதைவிட மாதாமாதம் சிறிதாகக் கொடுப்பது மேல். அடுத்த மாதம் இவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் எடிட்டருக்குச் சம்பளம் பேச முடியும், கேமரா வாடகைக்கு எடுக்க முடியும். ஆனால் மாதக் கட்டணம் கார்டிலிருந்து தானாகவே போகும். மறந்தாலும் கவலைப்படாத தொகையாகப் பார்த்து வையுங்கள்.

3. யூட்யூபுக்குள்ளேயே கொடுக்க

'ஜாயின்' பொத்தானை அழுத்தினால் மாதாந்தர மெம்பர்ஷிப். ஒரு வீடியோ பிடித்துப்போய் ஒரு தடவை கொடுக்க, வீடியோவுக்குக் கீழே உள்ள சூப்பர் தேங்ஸ். நேரலையில் என்றால் சூப்பர் சாட். இவற்றில் வரியெல்லாம் போக மிஞ்சுவதில் 70 சதவீதம் சேனலுக்கு, 30 யூட்யூபுக்கு. கொடுத்த பணம் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது.

பொத்தான் எதுவுமே இல்லையா? சேனல் இன்னும் தகுதி பெறாமல் இருக்கலாம். 500 சப்ஸ்கிரைபர்கள், கடைசி 90 நாளில் 3 வீடியோக்கள், அதோடு ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் 30 லட்சம் ஷார்ட்ஸ் பார்வைகள் வேண்டும். அப்படிப்பட்ட சேனலுக்கு நீங்கள் சப்ஸ்கிரைப் செய்து வீடியோவைக் கடைசிவரை பார்ப்பதே பண உதவிக்குச் சமம்தான்.

4. வெளித் தளங்களில் கொடுக்க

இதில் பெரிய பெயர் பேட்ரியான். யூட்யூபில் பாட்டு வீடியோக்கள் போட்டுவந்த ஜாக் கான்டியும் அவருடைய நண்பர் சாம் யாமும் 2013-இல் தொடங்கியது. 2025 ஆகஸ்டுக்குப் பிறகு சேரும் படைப்பாளர்களிடம் பொதுவாக 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். கோ-ஃபை தளத்தில் ஒரு தடவை கொடுக்கும் பணத்துக்குக் கமிஷனே இல்லை.

எங்கே கொடுத்தாலும் பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. அதில் ஒரு பகுதி ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்று நிலையாக இருப்பதால் சின்னத் தொகையைத்தான் அதிகம் கடிக்கும். மாதாமாதம் மேல் என்று மேலே சொன்னேன், வாஸ்தவம்தான். ஆனால் உங்கள் தொகை ரொம்பச் சிறியது, ஆண்டுச் சந்தா வசதியும் இருக்கிறது என்றால் அதையே எடுங்கள்.

5. ஐஃபோன் செயலியைத் தவிருங்கள்

பலரும் கவனிக்காத இடம் இது. ஐஃபோன் செயலிக்குள் பணம் கட்டினால் பல இடங்களில் ஆப்பிள் 30 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளும். ஒன்று உங்களுக்கு விலை ஏறும், அல்லது அவருக்கு வருவது குறையும். அதே ஃபோனில் பிரவுசரைத் திறந்து, தளத்துக்குள் போய்க் கட்டினால் போதும்.

6. கட்டும் முன்னும் பின்னும்

கடைசிப் பொத்தானை அழுத்தும் முன் மூன்றைப் பாருங்கள்: எந்த நாட்டு நாணயம், ஒரு தடவையா தொடர்ந்தா, அடுத்து எந்தத் தேதியில் எடுப்பார்கள். வெளிநாட்டு நாணயம் என்றால் வங்கியும் ஒரு கட்டணம் போடலாம்.

அப்புறம், நிறுத்த நினைத்தால் செயலியை நீக்கினால் மட்டும் நிற்காது. கணக்கின் மெம்பர்ஷிப் பகுதிக்குள் போய் ரத்து செய்ய வேண்டும். அடுத்த கட்டணத் தேதிக்கு ஒரு நாள் முன்பே செய்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டிய காலம் முடியும்வரை உறுப்பினர்களுக்கான வீடியோக்களைப் பார்க்கலாம்.