இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்: கல்விக் கடனையும் சம்பளத்தையும் எடைபோடும்போது செய்யும் தவறுகள்

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஐ.இ., அதாவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர், வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு ஜூலையிலும் புது டிரெய்னிகள் வருவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதும் என் வேலைதான். இந்த வருடம் ஒரு தம்பி கேன்டீனில் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: "லோன் பத்திக் கவலையில்லண்ணா, இன்னும் ஒரு வருஷம் ஹாலிடே இருக்கு." படிப்புக் கடனுக்கு இன்னும் தவணை கட்ட வேண்டியதில்லை என்று அர்த்தம். 2015-இல் இதே வாக்கியத்தை நானும் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, பிளேஸ்மென்ட் விளம்பரம் உண்மையா என்பதெல்லாம் உங்கள் சித்தப்பாவே சொல்லிவிடுவார். நான் மற்றதைச் சொல்கிறேன்.

ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுப்பது

என் முதல் ஆஃபர் லெட்டரில் இருந்தது 2,40,000. மாதம் இருபதாயிரம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கணக்கில் ஏறியது 15,300. நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், வருடக் கடைசியில் வரும் போனஸ் எல்லாம் அந்த இரண்டு நாற்பதுக்குள்ளேயே அடக்கம். பஸ்ஸுக்கும் கேன்டீனுக்கும் தனிப் பிடித்தம். தவணையைக் கையில் வரும் தொகையோடுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று. ஐ.இ. என்பதற்காக முதல் சம்பளம் கூடிவிடாது. எங்கள் ஆலையில் மெக்கானிக்கல் பையனுக்கும் ஐ.இ. பையனுக்கும் ஒரே டிரெய்னி ஸ்டைபண்டுதான். லைன் பேலன்ஸிங் (லைனில் இருக்கும் ஆட்களுக்கு வேலையைச் சமமாகப் பிரிப்பது) செய்து ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டிய பிறகுதான் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு மூன்று நான்கு வருடம் ஆகும். கடன் அதுவரை காத்திருக்காது.

'ஹாலிடே' என்ற சொல்லை நம்புவது

இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வரும்.

படிக்கும் நான்கு வருடமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். உண்மைதான், தவணைதான் வேண்டாம். வட்டி முதல் நாளே ஓட ஆரம்பித்துவிடும். என் கடன் 4 லட்சம். வருடம் ஒரு லட்சமாகக் கல்லூரிக்குப் போனது, வட்டி 12 சதவீதம். முதல் லட்சத்துக்கு நான்கு வருட வட்டி, இரண்டாவதற்கு மூன்று, மூன்றாவதற்கு இரண்டு, கடைசி லட்சத்துக்கு ஒன்று. படிப்பு முடியும்போது 1,20,000. அப்புறம் அந்த 'ஹாலிடே' வருடத்துக்கு மொத்த நான்கு லட்சத்துக்கும் சேர்த்து 48,000. ஆக 1,68,000. தவணை தொடங்கும் அன்று இதை அசலோடு சேர்த்துவிட்டார்கள். 4 லட்சம் 5,68,000 ஆகிவிட்டது. இனி வட்டிக்கும் வட்டி.

ஏழு வருடத் தவணை மாதம் 10,027 ரூபாய். 4 லட்சத்துக்கு மட்டும் என்றால் 7,061 வந்திருக்கும். மாதம் 2,966 வித்தியாசம், 84 மாதத்துக்குப் பெருக்கினால் ஏறக்குறைய இரண்டரை லட்சம். 15,300 சம்பளத்தில் பத்தாயிரம் போனால் ஸ்ரீபெரும்புதூரில் நான்கு பேர் தங்கும் அறையில் ஐந்தாவது ஆளாகத்தான் படுக்க முடியும். படுத்தேன்.

முதல் வருட வட்டி மாதம் வெறும் ஆயிரம் ரூபாய். இரண்டாம் வருடம் இரண்டாயிரம். அப்பாவால் அதைக் கட்டியிருக்க முடியும். கட்டலாம் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. படிக்கும்போதே வட்டியைக் கட்டி வந்தால் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை குறைக்கும் வங்கிகளும் உண்டு. கையெழுத்துப் போடும் அன்றே கேளுங்கள்.

அதைவிடக் கொடுமை ஒன்று. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் இந்த ஹாலிடே கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் 2009-இலிருந்தே இருந்தது. எங்கள் வருமானம் அதில் பாதிகூட இல்லை. வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்து உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிளையில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாசில்தார் கையெழுத்திட்ட சான்றிதழ் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருந்தது. திட்டத்தின் பெயரும் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இன்றைய நிலவரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

லைனில் ஒரு ஆபரேட்டர் பதினைந்து நொடி சும்மா நின்றால் கண்டுபிடித்துவிடுவேன். என் கடன் ஐந்து வருடம் 'சும்மா' நின்றதைப் பார்க்கவில்லை.

முதல் பட்டதாரி சலுகை

வீட்டில் முதலில் பட்டம் படிப்பவருக்கு அரசு தரும் கட்டணச் சலுகை இது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் செல்லாது.

80இ-யை நம்பித் தவணையை நீட்டுவது

80இ என்பது கல்விக் கடனுக்கான வருமான வரிச் சலுகை. வட்டிக்கு மட்டும்தான், எட்டு வருடம்தான், பழைய வரிமுறையில்தான். ஆரம்பச் சம்பளத்தில் வரியே வராது, சலுகை எதற்கு?

அமெரிக்க எம்.எஸ்.

மெக்கானிக்கல் முடித்துவிட்டு எம்.எஸ். இண்டஸ்ட்ரியல் என்று கிளம்புகிறவர்கள் நிறைய. டாலர் சம்பளத்தை வைத்துக் கடனை எடைபோடாதீர்கள். படிப்பு முடிந்தபின் அங்கே வேலை பார்க்க விடும் ஓ.பி.டி. அனுமதி நீட்டிப்போடு சேர்த்து மூன்று வருடம்தான், அதற்குப் பிறகும் இருக்க வேண்டுமானால் எச்-1பி வேலை விசா குலுக்கலில் பெயர் வர வேண்டும். ஊருக்குத் திரும்பினால் ரூபாய்ச் சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று முதலில் போட்டுப் பாருங்கள். பெரிய கடனுக்குப் பல சமயம் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கும் என்பதையும் சேர்த்து.

அப்பாவின் கையெழுத்தைச் சம்பிரதாயம் என்று நினைப்பது

அவர் சாட்சி இல்லை, கூட்டுக் கடன்தாரர். நீங்கள் தாமதித்தால் அவர் சிபில் கணக்கிலும், அதாவது வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்றிலும், ஏறும். 2017-இல் கம்பெனி மாறிய இடைவெளியில் இரண்டு தவணை தவறவிட்டேன். அந்த வருடம் அப்பா மோட்டார் வாங்கக் கடன் கேட்டுப் போய்க் கிடைக்காமல் திரும்பியிருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மோட்டார் கடைக்காரர்தான் சொன்னார்.